இலங்கைக்குச் சரக்கு அனுப்பும் ஓர் ஈரோட்டு ஷிப்பிங் ஏஜென்சி: ஆறு ஆண்டு அனுபவத்தின் மதிப்பீடு

சென்னிமலையில் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகப் பெட்ஷீட்டும் துண்டும் நெய்து விற்று வருகிறது. கணக்கையும் ஏற்றுமதியையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. 2019ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து எங்கள் உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இலங்கைக்குப் போகிறது. வாங்குபவர் ஒரே வியாபாரிதான். கிளிநொச்சியில் ஒரு கடையும் யாழ்ப்பாணத்தில் ஒரு கடையும் வைத்திருக்கிறார். அந்தச் சரக்கு முழுவதையும் இத்தனை ஆண்டுகளாக ஈரோட்டில் உள்ள ஒரு ஷிப்பிங் ஏஜென்சி வழியாகவே அனுப்புகிறோம். அவர்களுடைய சேவையைப் பற்றிப் பெருந்துறையிலும் கரூரிலும் உள்ள சிறு உற்பத்தியாளர்கள் என்னிடம் அடிக்கடி விசாரிப்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. பாராட்டோடு குறையையும் எழுதப் போவதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

அவர்கள் செய்யும் வேலை இதுதான். எங்கள் குடோனிலிருந்து பேல்களை, அதாவது துணிக் கட்டுகளை, லாரியில் ஏற்றி ஓர் இரவில் தூத்துக்குடிக்குக் கொண்டு சேர்ப்பார்கள். அங்கே சுங்கத்துறை வேலையை முடித்து, மற்ற வியாபாரிகளின் சரக்கோடு சேர்த்து ஒரே கண்டெய்னரில் எல்.சி.எல். முறையில் கொழும்புக்கு அனுப்புவார்கள். கொழும்பில் அவர்களுடைய கூட்டாளி அலுவலகம் சரக்கை விடுவித்து வடக்கே லாரி ஏற்றும். கட்டணம் சி.பி.எம். கணக்கில், அதாவது கன மீட்டருக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள், நான் விசாரித்த மற்ற இரண்டு ஏஜென்சிகளைவிட சுமார் 15 சதவீதம் அதிகம். முதல் ஆண்டில் அந்தப் 15 சதவீதம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 2022க்குப் பிறகு அதைப் பற்றி நான் பேசுவதில்லை. ஏன் என்று விளக்க வேண்டுமானால், வாங்குபவரின் நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இலங்கையில் 26 ஆண்டுகள் நடந்த போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தது. எங்கள் வியாபாரி அடுத்த ஆண்டே கிளிநொச்சியில் தகரக் கூரை போட்டுக் கடை திறந்தவர். அவர் சொல்லித்தான் எனக்கு ஒன்று புரிந்தது: சண்டை நின்றவுடன் முதலில் வந்தது தொழில் அல்ல, சாலை. 2006இல் மூடப்பட்ட ஏ9 நெடுஞ்சாலை திறந்ததும் தெற்கிலிருந்து லாரி லாரியாகச் சாமான் வந்து இறங்கியது. அதன் பின்னாலேயே தவணைக்கு வண்டி கொடுக்கும் நிறுவனங்களும் வாரக் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் வந்தன. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயிலை இந்திய அரசு நிறுவனமான இர்கான் தண்டவாளம் போட்டு 2014இல் மீண்டும் ஓட வைத்தது. அதே 1990இல் மூடப்பட்ட காங்கேசன்துறை சிமெண்ட் ஆலை அப்படித் திரும்பி எழவில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சில ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன என்பது உண்மை. அவற்றில் வேலை பார்க்கும் பெண்கள்தாம் எங்கள் துண்டுக்கு நல்ல வாடிக்கையாளர்கள். ஆனால் வடக்கு மாகாணம் மொத்தத்தில் பொருள் செய்யும் ஊராக மாறுவதற்கு முன்பே பொருள் வாங்கும் ஊராக மாறிவிட்டது. வாங்குவதற்கான பணத்தில் கணிசமான பங்கு கடன். வாரக் கடன் நெருக்கடி எவ்வளவு முற்றியது என்றால், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைவான கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அந்நாட்டு அரசே அறிவிக்க வேண்டி வந்தது.

இதெல்லாம் துண்டு விற்பவளுக்கு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் வியாபாரி எங்களுக்குத் தரும் பணம் அந்தப் பெண்கள் வாரா வாரம் தரும் தவணையிலிருந்து வருகிறது. அந்தப் பணம் இலங்கை ரூபாய். எங்களுக்கு வர வேண்டியது டாலர். நடுவே ஒரு வங்கி அந்த ரூபாயை வாங்கிக்கொண்டு டாலர் கொடுத்தால்தான் சென்னிமலையில் சனிக்கிழமை தறிக்காரருக்குக் கூலி போகும். அந்த இடத்தில்தான் 2022இல் எல்லாம் அடைத்துக்கொண்டது.

ஏஜென்சி அலுவலகத்தில், மேனேஜர் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால், ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கும். அதில் தினமும் காலையில் ஒரு பெண் மூன்று வரி எழுதுவார். முதல் வரி டாலருக்கு இந்திய ரூபாய், இரண்டாவது வரி டாலருக்கு இலங்கை ரூபாய், மூன்றாவது வரி கொழும்புத் துறைமுகத்தில் எத்தனை நாள் தாமதம் என்பது. இந்தப் பலகையை நான் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. 2022 மார்ச் முதல் வாரம் வரை இரண்டாவது வரி இருநூறை ஒட்டியே இருந்தது. இலங்கை மத்திய வங்கி பிடித்து நிறுத்தி வைத்திருந்த விலை அது. மார்ச்சில் பிடியை விட்டார்கள். அதன் பிறகு நான் அங்கே போகும்போதெல்லாம் அந்த வரியில் மட்டும் பழைய எண்ணை விரலால் துடைத்த நீலக் கறை இருக்கும், அதன் மேல் புதிய எண் இருக்கும். மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. முதல் வரியும் மூன்றாவது வரியும் துணியால் ஒழுங்காகத் துடைத்து எழுதப்பட்டவை.

அந்த ஏப்ரலில் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் திருவிழாச் சந்தையை நம்பி 42 பேல் தயாராகக் கட்டி வைத்திருந்தோம். சணல் சாக்கில் சுற்றி, பட்டை இறுக்கி, ஸ்டென்சில் வைத்து நீல மையில் பெயர் எழுதி எல்லாம் முடிந்துவிட்டது. லாரி வர வேண்டிய நாளில் மேனேஜர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, இன்னைக்கு லோடு ஏத்த வேண்டாமுங்க. அங்க பேங்க்ல டாலர் இருக்குதான்னே தெரியலீங்க. வாங்கறவர் பேங்க்ல இருந்து எழுத்துல வரட்டும், அப்புறம் பாத்துக்கலாமுங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. லோடு ஏற்றினால்தான் அவர்களுக்குக் கட்டணம். தங்களுக்கு வர வேண்டிய வருமானத்தை அவர்களே தடுத்தபோது நான் அதை உதவியாகப் பார்க்காமல் சோம்பலாகப் பார்த்தேன். ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்தி வைப்பதாக இலங்கை அரசு அறிவித்தது. மே மாதத் தொடக்கத்தில் நாட்டின் பயன்படுத்தத்தக்க டாலர் கையிருப்பு 5 கோடிக்கும் கீழே போய்விட்டது என்று அந்நாட்டு நிதி அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். இரண்டு கோடிப் பேருக்கு மேல் வாழும் ஒரு நாட்டின் கையில் இருந்த தொகை அது.

எங்கள் 42 பேலும் குடோனிலேயே ஐந்து வாரம் இருந்தன. அதே சமயத்தில் நம்பிக்கையின் பேரில், சரக்கு போன பிறகு பணம் என்ற ஏற்பாட்டில் அனுப்பிய ஒருவருக்குப் பணம் வர எட்டு மாதம் ஆயிற்று. மே 20 முதல் அப்படிப்பட்ட திறந்த கணக்கு இறக்குமதியையே இலங்கை தடை செய்தது. அந்தத் தடை வந்த மறுநாளே ஏஜென்சியிலிருந்து எங்களுக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு வந்தது: இனி எந்தெந்த முறையில் பணம் வாங்கலாம், எதில் வாங்கக் கூடாது, விலைப்பட்டியலில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று. ஏற்றுமதி செய்யும் பலருக்கும் விதிமுறை ஆங்கிலத்தில்தான் வந்து சேர்கிறது. படித்துப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த விதிமுறை வந்துவிடுகிறது. இந்த ஒரு பக்கத் தமிழ்க் குறிப்புக்காகவே நான் இவர்களுக்குப் பாதி மதிப்பெண் கொடுப்பேன்.

இன்னொரு சம்பவமும் அந்த ஆண்டில்தான். வியாபாரி என்னிடம், "தங்கச்சி, வங்கியில டொலர் இல்லையாம். உண்டியல் மூலமா காசு அனுப்பி விடட்டே?" என்று கேட்டார். உண்டியல் என்று அவர்கள் சொல்வது நாம் ஹவாலா என்று சொல்வதைத்தான். அப்போது அங்கே பலர் செய்தது அதைத்தான். அரசு வைத்திருந்த விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடையே இருந்த தூரத்தால் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம் வங்கியை விட்டு விலகிப் போனது. 2020இல் 710 கோடி டாலராக இருந்த வெளிநாட்டு வருவாய் 2021இல் 550 கோடி டாலராக இறங்கியதற்கு அது முக்கியமான காரணம். எனக்கும் சபலம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. மேனேஜர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதிச் சுங்க ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயரில், வங்கி வழியாக வராத பணத்துக்கு அவர்கள் ஆவணத்தில் கையெழுத்திட மாட்டார்கள் என்றார். ஜூலையில், இலங்கையோடு நடக்கும் வர்த்தகத்துக்கு ஆசிய தீர்வு ஒன்றியத்துக்கு வெளியே, அனுமதிக்கப்பட்ட எந்த நாணயத்திலும் பணம் தீர்த்துக்கொள்ளலாம் என்று நம் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. அதுவரை இரு நாட்டு வங்கிகளும் 1974இல் தொடங்கப்பட்ட அந்த ஒன்றியத்தின் வழியாகத்தான் கணக்குத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் வங்கிக் கிளையில் அந்தச் சுற்றறிக்கையை யாரும் பார்த்திருக்கவில்லை. ஏஜென்சியின் பையன் ஒருவர் அதன் நகலை எடுத்துக்கொண்டு எங்களோடு கிளைக்கு வந்து, மேலாளர் முன்னால் பத்தி பத்தியாகச் சுட்டிக்காட்டினார். அதற்கு அவர்கள் தனிக் கட்டணம் போடவில்லை.

ஆகஸ்ட் 23ஆம் தேதி இலங்கை அரசு சாக்லேட், வாசனைத் திரவியம், ஷாம்பு என 300 வகைப் பொருள்களின் இறக்குமதியை நிறுத்தி வைத்தது. அன்று எங்கள் சரக்கு தூத்துக்குடிக் கிடங்கில் இருந்தது. துண்டும் பெட்ஷீட்டும் 6302 என்ற சுங்கத் தலைப்பில் வருபவை என்றாலும் எங்கள் லோடில் வேறு சில சில்லறை வகைகளும் இருந்தன. இரண்டு நாள் நிறுத்தி வைத்து, எண் எண்ணாகப் பட்டியலோடு ஒப்பிட்டு, சந்தேகமான ஒரு வகையை மட்டும் பிரித்து வைத்துவிட்டு மீதியை அனுப்பினார்கள். அந்த ஒரு வகை இன்றும் எங்கள் குடோன் மூலையில் இருக்கிறது.

இனி குறைகள். முதலாவது, 2023இல் நடந்தது. அந்த மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்து, இலங்கை மெல்ல மூச்சு விடத் தொடங்கியிருந்தது. எங்களுக்கும் ஆர்டர் கூடியது. இந்திய-இலங்கை தடையில்லா வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சலுகை பெற, பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் இங்கேயே சேர்க்கப்பட்டது என்பதற்கான பிறப்பிடச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏஜென்சிக்காரர்கள். விலைப்பட்டியலில் நாங்கள் ஒரு பெயரில் எழுதிய துண்டை அவர்கள் சான்றில் வேறு பெயரில் எழுதிவிட்டார்கள். கொழும்பில் சரக்கு 11 நாள் நின்றது, அந்தத் தாமதத்துக்கான டிமரேஜ் கட்டணம் ஏறியது. பேல்களில் மூன்றில் ஈரம் இறங்கி, வியாபாரி அனுப்பிய படத்தில் வெள்ளைத் துண்டின் மடிப்போரம் முழுக்கப் பழுப்பு வரி தெரிந்தது. ஒரு துண்டுக்கு எத்தனை கை பட்டிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் படத்தைப் பார்ப்பது எளிதல்ல. முதலில் தவறு எங்களுடையது என்றார்கள். நான் மின்னஞ்சல்களை வரிசையாக எடுத்துக் காட்டிய பிறகு, தங்கள் கட்டணத்தில் பாதியைக் கழித்துக் கொடுத்தார்கள். டிமரேஜும் நனைந்த துண்டுகளும் எங்கள் தலையில்தான் விழுந்தன. 2022இல் அவ்வளவு கவனமாக இருந்தவர்கள், நெருக்கடி தளர்ந்ததும் தாங்களும் தளர்ந்தார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இரண்டாவது குறை கொழும்பில் இருக்கிறது. அவர்களுடைய கூட்டாளி அலுவலகத்தில் தமிழில் பேச நிலையான ஆள் இல்லை. அனுப்புகிற நாங்களும் தமிழ், வாங்குகிற அவரும் தமிழ். நடுவில் ஒரு தாளைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் கிளிநொச்சியிலிருந்து அவர் ஈரோட்டுக்குத் தொலைபேசியில் பேசி, ஈரோட்டிலிருந்து இவர்கள் கொழும்புக்கு ஆங்கிலத்தில் எழுதி, பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டியிருக்கிறது. அவசரமான நாளில் இது அரை நாளைத் தின்றுவிடுகிறது. கட்டணச் சீட்டில் "இதர செலவு" என்று ஒரு வரி வருவதும், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பிரித்துக் காட்டுவதும் இன்னும் மாறவில்லை.

மூன்றாவதாகச் சொல்வதை மற்றவர்கள் குறையாகக் கருதுவார்களா தெரியவில்லை. எனக்கு இதுவே பெரியது. 2024இல் எங்கள் வியாபாரி சென்னிமலைக்கு வந்தார். தறி ஓடும் கொட்டகையில் நின்று பெட்ஷீட் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இனி மூன்று துண்டு கொண்ட பெட்டி வேண்டாம், ஒற்றைத் துண்டாகவே கட்டித் தாருங்கள் என்றார். மூன்று சேர்த்து வாங்க அங்கே கையில் காசு இல்லை. 2022 செப்டம்பரில் 70 சதவீதத்தை ஒட்டிப் போன பணவீக்கம் பிறகு இறங்கிவிட்டது. ஆனால் ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது, கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. 2019 இறுதியில் 8 சதவீதமாகக் குறைத்த மதிப்புக் கூட்டு வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாகி, அதுவும் அந்தத் துண்டின் மேல்தான் ஏறுகிறது. நாங்கள் கொண்டு வந்து விற்பதால் அங்கிருக்கும் நெசவாளருக்குக் கெடுதல் உண்டா என்று பல நாளாக எனக்குள் இருந்த கேள்வியை அன்று அவரிடம் கேட்டேன். "உங்கட துண்டால தறி நிண்டது எண்டு சொல்லேலாது. தறி சண்டைக்குள்ளயே போட்டுது. ஆனா திரும்பவும் தறி போடுறவனுக்கு உங்கட விலை ஒரு சுவர்தான்" என்றார். அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை.

அவர் பனங்கட்டியும், காய்ந்த பனங்கிழங்கில் செய்யும் ஒடியல் மாவும் எங்கள் பக்கம் அனுப்பிப் பார்க்க ஆசைப்பட்டார். போகிற கண்டெய்னர் நிறைந்து போகிறது. திரும்பி வருவதில் வடக்கின் பொருள் ஒன்றும் இல்லை. இரு நாட்டு வர்த்தகமே மொத்தத்தில் அப்படித்தான் சாய்ந்திருக்கிறது: 2023-24இல் இந்தியா அங்கே விற்றது 400 கோடி டாலரை ஒட்டி, வாங்கியது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. கருப்பட்டியின் அருமை தெரிந்த நம் ஊரில் அவர் பொருளுக்கு நிச்சயம் ஆள் இருக்கும். ஆனால் ஏஜென்சியிடம் கேட்டபோது, உணவுப் பாதுகாப்புச் சோதனை, இறக்குமதி உரிமம், சிறு அளவுக்கான குறைந்தபட்சக் கட்டணம் எல்லாம் கூட்டி அவர்கள் சொன்ன தொகை பொருளின் விலையைத் தாண்டியது. சட்டம் கேட்பவற்றை அவர்களால் குறைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். குறைந்தபட்சக் கட்டணத்தைக் குறைக்க முடியும். அதைக் குறைக்க அவர்கள் மறுத்தார்கள். ஏற்றுமதியில் காட்டும் அக்கறையில் கால்வாசியை இறக்குமதியில் காட்டினால் போதும், அந்த மனிதருக்கு டாலர் தேடி அலையும் வேலை கொஞ்சமாவது குறையும். அவரிடம் நாங்கள் பாக்கி வைக்கும் நிலை வந்தால், அவர் எங்களுக்கு வைக்கும் பாக்கியை அதில் ஈடுகட்டும் வழியை வங்கியிடம் கேட்டுப் பார்க்கலாம்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட வ.உ.சிதம்பரனார் 1906இல் கம்பெனி தொடங்கினார். அந்தக் கடல் வழி இன்றும் நமக்கு மிகக் குறுகிய ஏற்றுமதி வழிகளில் ஒன்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை இன்னும் பக்கம். 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. வடக்குக்குப் போக வேண்டிய சரக்கு மட்டும் கொழும்பைச் சுற்றி, அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் லாரியில் திரும்ப வடக்கே ஏறுகிறது. அந்தச் சுற்றுக்கான செலவையும் கடைசியில் தவணையில் துண்டு வாங்கும் பெண்தான் தருகிறார். காங்கேசன்துறைக்குச் சரக்குச் சேவை முறையாக வந்தால் இந்த ஏஜென்சி முதலில் அதில் இறங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இலங்கைப் பொருளுக்கு 20 சதவீதமும் இந்தியப் பொருளுக்கு 50 சதவீதமும் வரி போட்டதிலிருந்து, திருப்பூரிலிருந்து பலர் இலங்கையில் தைத்து அனுப்ப வழி கேட்டு இவர்களிடம் வரத் தொடங்கினார்கள். அலுவலகத்தில் கூட்டம் கூடியது. எங்களைப் போன்ற சிறிய ஆட்களின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் வரும் நேரமும் கூடியது. புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: கட்டணத்தை மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். பிறப்பிடச் சான்றை அனுப்பும் முன் உங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், "இதர செலவு" சீட்டிலேயே பிரித்து வர வேண்டும், தங்கள் தவறால் ஏறும் டிமரேஜை அவர்களே ஏற்க வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டுக்கு எங்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். கொழும்பில் தமிழ் தெரிந்த ஒருவரை வைப்பதாக வாய்மொழியாக மட்டும் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கான சரக்கில் 30 பேல் ஒற்றைத் துண்டு. அவற்றை அவர்கள் வழியாகவே அனுப்புகிறோம்.